பக்கத்துத் தோட்டத்து போரும் நம் கிணறும்: நிலத்தடி நீர்ச் சட்டம் ஏன் மாற வேண்டும்?

போர் (ஆழ்துளைக் கிணறு) போட இனி அனுமதி வாங்க வேண்டும், கிணற்று மோட்டாருக்கு மீட்டர் வரப்போகிறது, தோட்டத்துத் தண்ணீர் அரசுக்குச் சொந்தமாகப் போகிறது என்ற பேச்சு கொங்கு நாட்டில் அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. ஒவ்வொரு முறையும் அச்சமே முதலில் பரவுகிறது. இன்று நடைமுறையில் உள்ள சட்டம் என்ன, அதில் என்ன குறை, மாற்றினால் யாருக்கு என்ன ஆகும் என்ற விவரம் பின்தங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரை அந்த விவரத்தை அடிப்படையிலிருந்து எடுத்துச் சொல்கிறது.

இன்று நம்மை ஆளும் சட்டம் எது?

அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 17ஆவது இனமாகத் தண்ணீர் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே கிணற்று நீரைப் பற்றிச் சட்டம் இயற்றும் பொறுப்பு முதன்மையாக மாநிலத்துடையது. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு 1987இல் தனியாக ஒரு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களுக்கு அப்படி ஒன்று நடைமுறையில் இல்லை. இங்கே ஒருவர் தம் நிலத்தில் எவ்வளவு ஆழம் தோண்டலாம், எவ்வளவு இறைக்கலாம் என்ற கேள்விக்கு விடை தேடினால், 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் (Easements) சட்டத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு நில உடைமையாளரின் இயல்பான உரிமைகளைச் சொல்லி, எடுத்துக்காட்டுகளையும் வரிசையாகத் தருகிறது. அவற்றுள் ஒன்று, வரையறுக்கப்பட்ட வாய்க்காலில் ஓடாமல் நிலத்துக்கடியில் இருக்கும் நீர் முழுவதையும் தம் எல்லைக்குள் திரட்டிக்கொள்ள உடைமையாளருக்கு உரிமை உண்டு என்கிறது. ஓர் அளவுக்கு உட்பட்டு என்றோ, அண்டை நிலத்துக்குத் தீங்கின்றி என்றோ எந்த நிபந்தனையும் அதில் இல்லை.

இந்தக் கொள்கை இங்கிலாந்திலிருந்து வந்தது. 1843இல் ஆக்டன் எதிர் பிளண்டெல் என்ற வழக்கில், பக்கத்து நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டியதால் தம் ஆலைக் கிணறு வற்றிப்போனதாக ஒருவர் முறையிட்டார். நிலத்தடி நீரின் போக்கு கண்ணுக்குத் தெரியாதது, ஆற்று நீருக்கான விதியை அதற்குப் பொருத்த முடியாது என்று சொல்லி நீதிமன்றம் அவருக்குப் பரிகாரம் மறுத்தது. அந்த அறியாமை நாற்பது ஆண்டுகள் கழித்து இந்தியாவில் சட்ட வாசகமாயிற்று. 1882ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று.

மாடு பூட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்த காலத்தில் இந்த விதியால் பெரிய தீங்கு எதுவும் நேரவில்லை. எருதுகளின் வலுவும் கயிற்றின் நீளமும் ஒரு நாளில் எடுக்கக்கூடிய தண்ணீருக்கு எல்லை கட்டின. சட்டம் வைக்காத வரம்பைக் கருவி வைத்தது. கருவி மாறியபோது வரம்பு போயிற்று. சட்டம் மட்டும் அப்படியே நின்றது.

பாறைக்குள் நடப்பது என்ன?

கொங்கு நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை நிலம். டெல்டாவைப் போல் ஆழமான மணல் படுகை இங்கே இல்லை. மேல்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை அடுக்கு ஒன்று இருக்கிறது. மழை நீர் முதலில் அங்கேதான் தேங்குகிறது. அதற்கும் கீழே கெட்டிப் பாறை; அதன் வெடிப்புகளிலும் பிளவுகளிலும் மட்டுமே தண்ணீர் இருக்க முடியும். பாட்டனார் காலத்துக் கிணறுகள் மேலடுக்கை நம்பி வெட்டப்பட்டவை. அவை வற்றத் தொடங்கியதும் கிணற்றின் பக்கச் சுவர்களில் கிடைமட்டமாகச் சைடு போர் போட்டார்கள். பிறகு கிணற்றின் அடியிலேயே போர் இறக்கினார்கள். அதுவும் போதாமல் தோட்டத்தின் இன்னொரு மூலையில் புதிய போர் போட்டார்கள். ஆயிரம் அடியைத் தாண்டிய போர்கள் இன்று எவரையும் வியக்கவைப்பதில்லை.

பல்லடம், பொங்கலூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நின்று பார்த்தால் இந்த வரலாறு முழுவதும் ஒரே இடத்தில் தெரியும். கல்லை உடைத்து வெட்டிய அகன்ற கிணறு அடி தெரிய வறண்டு கிடக்கும். சற்றுத் தள்ளி உள்ள போரிலிருந்து கம்ப்ரஸர் தள்ளும் தண்ணீர், காற்றும் நீருமாக விட்டு விட்டுக் குழாயில் கொப்பளித்து அதே கிணற்றுக்குள் விழும். ஊற்றாக இருந்த கிணறு இப்போது தேக்கி வைக்கும் தொட்டி. இரவெல்லாம் சேர்ந்த அந்த நீரைக் காலையில் இன்னொரு மோட்டார் எடுத்துத் தென்னைக்குச் சொட்டுநீராக விடும்.

இதில் சட்டத்துக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பாறை வெடிப்பு ஒருவருடைய வேலியோடு முடிவதில்லை. ஒரே வெடிப்பில் இரண்டு தோட்டத்து போர்கள் இறங்கியிருந்தால், ஆழமான போரும் வலுவான மோட்டாரும் உடையவர் மற்றவருடைய தண்ணீரையும் சேர்த்து இழுத்துவிடுகிறார். 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் செய்வதில் தவறே இல்லை. தண்ணீரை இழந்தவருக்கு இருக்கும் ஒரே வழி, கடன் வாங்கி இன்னும் ஆழமாகப் போடுவது. ஊருக்கு ஊர் நடக்கும் இந்த ஆழப் போட்டியை விவசாயிகளின் பேராசை என்று சொல்வது அநியாயம். எடுக்காமல் விட்டுவைத்தவருக்குச் சட்டம் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை; முந்தி எடுத்தவருக்கே எல்லாம் தந்திருக்கிறது. அந்த நிலையில் எவரும் ஆழமாகத்தான் போவார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் பிர்கா அளவில், அதாவது குறுவட்ட அளவில், மதிப்பிடப்படுகிறது. ஆண்டுதோறும் ஊறிச் சேர்ந்து எடுக்கத் தகுந்த நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்பதே அளவுகோல். 70 விழுக்காடு வரை பாதுகாப்பான நிலை, 90 வரை மித அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு. அதிநுகர்வு என்றால், அந்தப் பிர்கா ஊறும் நீரைச் செலவழித்து முடித்துவிட்டுப் பழைய சேமிப்பிலும் கை வைத்திருக்கிறது என்று பொருள்.

2013ஆம் ஆண்டு மதிப்பீட்டில் மாநிலத்தின் 1,139 பிர்காக்களில் 358 அதிநுகர்வில் இருந்தன. 2017இல் 1,166இல் 462. 2020இல் 435 என்று சற்றே குறைந்தது. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் இந்த எண் இறங்கும், பொய்த்தால் ஏறும். ஆகவே ஓராண்டு ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; மாநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிர்காக்கள் அந்தப் பட்டியலை விட்டு வெளியே வராமல் இருப்பதுதான் கவலைக்குரியது. மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் கிடக்கும் கொங்கு நாட்டுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

கெடுத்தால் குற்றம், வற்றவைத்தால் உரிமை

சட்டத்தின் முரண் எங்கே இருக்கிறது என்பதைக் காட்ட நொய்யலைவிடத் தெளிவான சான்று இல்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் இந்த ஆற்றில், சென்னிமலைக்கு அருகே 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து தேங்கியது. கழிவு நிலத்துக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் கெடுத்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள், அதாவது ஆற்றுப் பாசனத்தில் நிலம் உடையவர்கள், வழக்குத் தொடுத்தார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விவசாயிகளின் பக்கமே நின்றது. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையமும் இருந்தது.

இந்த வெற்றிக்குச் சட்டத்தில் அடிப்படை இருந்தது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நீரோடை என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில் நிலத்தடி நீரும் அடங்கும். இன்னும் பின்னால் போனால், நாம் மேலே பார்த்த அதே 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதே 7ஆம் பிரிவில், முந்தைய எடுத்துக்காட்டு, ஒருவருடைய நிலத்தின் வழியே ஓடியோ கசிந்தோ வரும் நீரைப் பிறர் அளவுமீறி மாசுபடுத்தக் கூடாது என்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர் என் கிணற்று நீரைக் கெடுத்தால், அது எல்லை தாண்டி ஓடும் பொதுவான நீர். எனக்கு வழக்குரிமை உண்டு. அவரே அதை ஒரு சொட்டு மிச்சமின்றி உறிஞ்சிவிட்டால், அது அவருடைய சொந்த நீர். எனக்கு உரிமை ஏதுமில்லை. பாறைக்குக் கீழே இருப்பதோ ஒரே தண்ணீர். தன்மையில் பொதுவாகவும் அளவில் தனியாகவும் அதைச் சட்டம் நடத்துகிறது. புதிய சட்டம் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டால், இதைத்தான்.

செய்து பார்த்த முயற்சிகள்

2003இல் தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. தனி ஆணையம், கிணறு வெட்ட அனுமதி, பயனாளர் பதிவு, தண்ணீரை வண்டியில் எடுத்துச்செல்ல உரிமம் ஆகியவை அதில் இருந்தன. ஆனால் அது நடைமுறைக்கே வரவில்லை. பத்தாண்டுகள் ஏட்டில் கிடந்து, 2013இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் பொதுப்பணித் துறையின் 142ஆம் எண் அரசாணை வந்தது. அதிநுகர்வு, அபாயப் பிர்காக்களில் நிலத்தடி நீரை நம்பிய புதிய திட்டங்களுக்கு அது தடை போட்டது. மற்ற பிர்காக்களில் நீர்வளத் தரவு மையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றது. 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அரசாணை வேறு, சட்டம் வேறு என்பதை இங்கே விளக்க வேண்டும். சட்டம் சட்டமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றப்படுவது. அதில் உரிமையும் கடமையும் தண்டனையும் மேல்முறையீடும் எழுதப்பட்டிருக்கும். அரசாணை நிர்வாகத்தின் கட்டளை. அதை இன்னோர் அரசாணையால் ஒரே நாளில் மாற்றலாம். தண்ணீர் லாரிகளையும் பாட்டில் நீர் ஆலைகளையும் ஓரளவு கட்டுப்படுத்த 142ஆம் எண் ஆணை உதவியிருக்கலாம். ஆனால் இரண்டு விவசாயிகளுக்கு இடையே நீதி வழங்க அதில் ஒரு வரிகூட இல்லை.

ஊராட்சிப் பகுதிகளில் கிணறு தோண்ட 2015ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வேண்டும் என்பதும் உண்மை. மூடாத ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறந்த கொடுமையைத் தடுக்க வந்த விதிகள் அவை. அவற்றின் நோக்கம் உயிர்ப் பாதுகாப்பு. தண்ணீர்க் கணக்கு அவற்றின் நோக்கமில்லை.

வாய்க்கால் நீரும் குட்டை நீரும் யாருக்கு?

ஆற்று நீருக்கு ஒரு சட்டம், கிணற்று நீருக்கு வேறு சட்டம் என்ற பிரிவினை கொங்கு நாட்டு நடப்போடு ஒட்டவே இல்லை. இரண்டு சான்றுகள் போதும்.

முதலாவது, கீழ்பவானி. பவானிசாகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டுக்குப் பாயும் இந்த வாய்க்கால் மண்ணால் ஆனது. அதிலிருந்து கசியும் நீர் வழிநெடுகக் கிணறுகளை நிரப்புகிறது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது விவசாயிகள் இரு தரப்பாகப் பிரிந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் சேர வேண்டும் என்றது ஒரு தரப்பு. கசிவு நின்றால் எங்கள் கிணறும் குடிநீரும் போய்விடும் என்றது மறு தரப்பு. இருவர் கோரிக்கையிலும் நியாயம் இருந்தது. ஆயக்கட்டுதாரருக்கு மதகும் முறையும் அரசாணையும் ஆதாரமாக இருந்தன. கசிவு நீரை நம்பிய கிணற்றுக்காரருக்குக் காட்ட ஒரு காகிதமும் இல்லை. ஏனென்றால் கசிவு நீர் என்ற ஒன்றை நம் சட்டங்கள் அறியா. உரிமை என்று சொல்ல வாய்ப்பில்லாதவர்கள் போராட்டப் பந்தலில்தான் உட்கார முடியும்.

இரண்டாவது, அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். தலைமுறைக் கனவாக இருந்த இத்திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாகப் போகும் நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.யை மேலேற்றி, 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது திட்டம். செலவு சுமார் 1,916 கோடி ரூபாய். நோக்கமே நிலத்தடி நீரை உயர்த்துவதுதான். நல்ல திட்டம். ஆனால் பொதுப்பணத்தில் பம்ப் செய்து நிரப்பிய நீர் குட்டையின் அடியில் இறங்கிய மறுகணம் யாருடையது? இன்றைய சட்டப்படி, குட்டைக்குப் பக்கத்தில் ஆழமான போர் வைத்திருப்பவருடையது. அவர் அதைத் தென்னைக்கும் விடலாம், வண்டிக்கும் விற்கலாம். குட்டைகளை நிரப்பும் திட்டத்துக்குப் பல பத்தாண்டுகள் குரல் கொடுத்த ஊர்கள், நிரம்பிய நீரைப் பங்கிடும் விதிக்கும் அதே அளவு குரல் கொடுக்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால் ஒரு படிப்பினை

பொள்ளாச்சியை அடுத்துக் கேரளத்தின் சித்தூர் வட்டத்தில் உள்ளது பிளாச்சிமடை. அங்கே இயங்கிய குளிர்பான ஆலை நிலத்தடி நீரை அளவின்றி எடுப்பதாகக் கூறிப் பெருமாட்டி ஊராட்சி அதன் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களுக்குச் சொந்தமான பொதுச் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, தடுக்கும் சட்டம் இல்லாத வரையில் நில உடைமையாளர் நியாயமான அளவு எடுக்கலாம் என்றது. ஒரே தண்ணீர், ஒரே நீதிமன்றம், பதினாறு மாதங்களில் இரு வேறு விடைகள். தெளிவான சட்டம் இல்லாத இடத்தில் ஊராட்சியின் கதி நீதிபதிகளின் பார்வையைச் சார்ந்து நிற்கிறது.

புதிய சட்டம் வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

ஒன்றிய அரசு மாதிரி மசோதாக்களை 1970 முதலே அனுப்பிவருகிறது. எந்த வரைவு வந்தாலும் கொங்கு நாட்டு வாசகர் அதில் தேட வேண்டியவை இவை.

1. உரிமையின் வரையறை. 1882ஆம் ஆண்டு விதி மாற்றப்படுகிறதா என்பதே முதல் கேள்வி. அதைத் தொடாமல் ஆணையமும் உரிமமும் மட்டும் கொண்டுவந்தால், அலுவலகங்கள் பெருகும். வற்றிய கிணற்றுக்காரருக்கு நீதி கிடைக்காது. நிலத்தடி நீர் பொதுவானது, உடைமையாளருக்கு உள்ளது நியாயமான பயன்பாட்டு உரிமை என்று சட்டம் சொல்ல வேண்டும். இதனால் அரசு கிணற்றைப் பிடுங்கிக்கொள்ளும் என்ற அச்சம் தவறானது. அறங்காவலர் உடைமையாளர் ஆகமாட்டார்.

2. அலகு. பிர்கா என்பது வருவாய்த் துறை போட்ட கோடு. நீர் சேர்வதும் வடிவதும் ஓடைப் பள்ளங்களின் படுகையைப் பொறுத்தது. பாதுகாப்பான பிர்காவின் ஓரத்தில் போடும் போர் அடுத்த பிர்காவின் நீரை இழுக்கலாம்.

3. முன்னுரிமை. குடிநீர் முதலில், பிறகு சிறு விவசாயமும் கால்நடையும், வணிகம் கடைசியில். கைப்பம்புகளுக்கும் வீட்டுக் கிணறுகளுக்கும் அனுமதித் தொல்லை இருக்கக் கூடாது.

4. ரிக் வண்டிகள். லட்சக்கணக்கான கிணறுகளின் வாசலில் அதிகாரி நிற்க முடியாது. ஆனால் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும், போர் போடும் ரிக் வண்டிகளைப் பதிவுசெய்வது எளிது. எந்த இடத்தில், எத்தனை அடி, எந்த ஆழத்தில் தண்ணீர் என்ற விவரத்தை ஒவ்வொரு துளையிடலுக்கும் பொது ஏட்டில் பதிய வேண்டும் என்ற ஒரே விதி, இன்று நம்மிடம் இல்லாத நிலத்தடி வரைபடத்தைச் சில ஆண்டுகளில் தந்துவிடும்.

5. மின்சாரம். இதைத் தொடும்போது வரலாற்றை நினைவில் வைக்க வேண்டும். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் போராடிய விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்ட மரபின் வழியேதான் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பாசன மின்சாரம் இலவசமாயிற்று. தண்ணீர்ச் சட்டத்தின் பெயரால் அதைப் பறிக்க முயன்றால் சட்டமே நிற்காது, நிற்கவும் கூடாது. தனித்தனி மோட்டாருக்கு மீட்டர் வைக்காமல், டிரான்ஸ்பார்மர் அளவில் நுகர்வைக் கணக்கெடுத்து ஊராட்சியில் வெளியிடலாம். எவ்வளவு எடுக்கிறோம் என்பது ஊருக்குத் தெரிவதற்கும் ஊரிடம் காசு வாங்குவதற்கும் தொடர்பில்லை.

6. இருக்கும் கிணறுகள். வரைவுகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான். மிகவும் கவனித்துப் படிக்க வேண்டியதும் இதுவே. பழைய பயனாளர்கள் அனைவரையும் அவரவர் இன்றைய பயன்பாட்டுடன் பதிவுசெய்துவிட்டுப் புதியவர்களுக்கு மட்டும் தடை போடுவது நிர்வாகத்துக்கு எளிய வழி. அதன் விளைவு என்ன? ஆழப் போட்டியில் வென்று அண்டைக் கிணறுகளை வற்றவைத்தவரின் பங்கு சட்டப்படியான உரிமையாகிவிடும். போர் போட வசதியில்லாமல் மானாவாரியாகச் சோளம் விதைத்துக்கொண்டு இருந்துவிட்டவர், தடை வந்த நாள் முதல் நிரந்தரமாக வெளியே நிற்பார். குத்தகைக்கு உழுபவருக்கும் நிலமே இல்லாத காலனிக் குடும்பங்களுக்கும் பதிவேட்டில் இடமே இருக்காது. ஆகவே பதிவின்போதே ஏக்கர் கணக்கில் உச்சவரம்பு வைத்து, அதற்கு மேற்பட்ட பயன்பாட்டைப் படிப்படியாகக் குறைக்கும் கால அட்டவணையும், கிணறில்லாதவர்களுக்கு ஒதுக்கிய பங்கும், பிணக்குகளைத் தாலுகா அளவிலேயே விசாரிக்கும் அமைப்பும் அச்சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னால் விதிகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், 2003ஆம் ஆண்டுச் சட்டம் போன வழியிலேயே இதுவும் போகும்.